வெள்ளியில் உண்ணாத மீன்கள்

கரம்பொன்னில் அந்த வீட்டின் படலையைப் பிரதாபன் தள்ளியபோது பகல் பதினொரு மணி. காலையில் பெய்த மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிவந்த இரண்டு வாளிகளையும் குழாய்ச் சுருளையும் அவிழ்த்துக்கொண்டு விறாந்தையில் ஏறினான். உள்ளேயிருந்து ஒரு மணம் வந்து மூக்கில் ஒட்டியது. நனைந்த துணியைச் சுருட்டி ஒரு கிழமை மூலையில் போட்டுவைத்தது போன்ற புளித்த மணம்.

அவனுக்கு அது புதிதல்ல. ஊர்காவற்றுறையில் எட்டு வருடமாக வளர்ப்பு மீன் கடை வைத்திருப்பவன். தொட்டிக்கு என்ன வருத்தம் என்பதை மணத்தை வைத்தே சொல்லிவிடுவான். கூழ்முட்டை நாறினால் அடி மணல் இறுகிவிட்டது. மழைக்குப் பிந்திய மண்ணின் மணம் வந்தால் தண்ணீர் நன்றாக இருக்கிறது. புளிப்பு என்றால் தண்ணீர் களைத்துப்போனது.

“வாரும் தம்பி. நீர்தானே மீன்காரத் தம்பி? இன்னும் ரெண்டு நாள் பிந்தியிருந்தால் கருவாடுதான் பார்த்திருப்பீர்” என்றபடி சீதேவி கதவைத் திறந்தாள்.

அறுபத்தைந்து வயதிருக்கும். அவளுடைய கணவர் நடராசா மாத்தறையில் நெடுங்காலம் கடை நடத்தியவர். கடையை விற்றுவிட்டு ஊரோடு வந்து, இரண்டு மாதத்துக்கு முன் நெஞ்சுச் சளியில் இறந்துபோனார். கடைசிக் காலத்தில் அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு அந்த மீன் தொட்டிதான். ஹோலில், சுவரோரமாக, நாலடி நீளத்தில் இருந்தது. அதன் வலது பக்கத்தில் அவருடைய சாய்மனைக் கதிரை. கதிரைக்குக் கீழே, அவர் சளி துப்பிய பித்தளைப் படிக்கம் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது.

“மகன் கீர்த்தி கனடாவிலை. பேப்பர் சரிவரேல்லை எண்டு தகப்பன்ரை செத்தவீட்டுக்கும் வர ஏலாமப் போச்சு. இப்பதான் கிடைச்சிருக்கு, வரப்போறான். அவன் வருமட்டும் இதுகள் சாகப்படாது. தகப்பன் வளர்த்ததெண்டு காட்ட வேறை என்ன கிடக்கு?”

தொட்டியில் ஏழு மீன்கள். நாலு தங்கமீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மூன்று சக்கர் மீன்கள் அடியில் ஒரு கல்லுக்குப் பின்னால் பதுங்கியிருந்தன. கறுப்புத் தோலும் கீழ்ப்பக்கம் கிண்ணம்போன்ற வாயுமுள்ள மீன் அது. அந்த வாயால் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியை வழித்துத் தின்னும். அதனால்தான் ஆட்கள் வாங்குவார்கள், அழகுக்காக ஒருவரும் வாங்குவதில்லை.

“என்ன தண்ணியம்மா விட்டது?”

“மழைத் தண்ணி. கூரைப் பீலியிலை பிடிச்சது.”

“அதுதான் வருத்தம். மழைத் தண்ணியிலை ஒரு சத்தும் இல்லை. மீன் கழிக்கக் கழிக்கத் தண்ணி புளிச்சுக்கொண்டு போகும். கிணத்துத் தண்ணியெண்டால் அதிலை கிடக்கிற சுண்ணாம்பு அந்தப் புளிப்பைத் தின்னும். இதிலை தின்ன ஆளில்லை.”

“அப்ப கிணத்துத் தண்ணியை ஊத்துமன்.”

“உங்கடை கிணறு உவரெல்லே. ஊத்தினால் ஊறுகாய்தான்.”

சீதேவி சிரித்தாள். பிரதாபனுக்கு யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் போதும். தண்ணீரைச் சுத்தப்படுத்தும் பெட்டியைத் திறந்து காட்டினான். இந்தப் பஞ்சுக்கு மேல், கடற்கரையில் ஒதுங்கும் சுண்ணாம்பான முருகைக்கல் துண்டுகளை ஒரு படுக்கையாகப் போட்டால், தண்ணீர் அதனூடாக ஓடும்போது கல் மெல்ல மெல்லக் கரையும். தண்ணீர் புளித்தால் கூடக் கரையும், புளிப்புக் குறைந்தால் கரைவது தானாக நிற்கும். காவல் வைக்கத் தேவையில்லை.

“கொட்டிலுக்கை ஒரு முட்டியிலை கிடக்கும். பூச்சாடிக்குப் போடவெண்டு ஐயா கரையிலை பொறுக்கி வைச்சவர். போய் எடும்” என்றுவிட்டு அவள் குசினிக்குள் போனாள்.

கொட்டிலில் இரண்டு முட்டிகள் இருந்தன. நிலத்தில் இருந்தது வாய் உடைந்து, கறுத்த மழைத்தண்ணீரும் நுளம்புக் குஞ்சுமாக நாறியது. மற்றது கூரை வளையில் உறிகட்டித் தொங்கியது. வாயை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். நல்லதைத்தானே உயரத்தில் வைப்பார்கள் என்று நினைத்தான். இறக்கித் துணியை அவிழ்த்துப் பார்த்தபோது அவனுக்குச் சந்தோசமாகவே இருந்தது. வெள்ளையும் சாம்பலுமாக, விரல் நுனி அளவில், நுண்ணிய துளைகளுள்ள துண்டுகள். கையில் எடுத்தால் பாரமில்லை. ஒன்றோடொன்று தட்டினால் சன்னமான ஒலி.

பெரிய துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கினான். தூளை வாயால் ஊதினான். அது பறந்து மூக்கில் ஏறி இரண்டு தரம் தும்ம வைத்தது. முட்டியை முன்போலவே கட்டி உறியில் ஏற்றிவிட்டு வந்து, துண்டுகளைப் பஞ்சின்மேல் அழகாகப் பரப்பினான்.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தபோது தொட்டித் தண்ணீர் பளிங்காக இருந்தது. புளிப்பு மணம் போய்விட்டது.

வேறொரு மணம் வந்திருந்தது.

நெஞ்சுக்குப் பூசும் தைலமும் அதன் அடியில் பழஞ்சளியும். நோயாளி கிடந்த அறையில் தலையணை உறையை முகர்ந்தால் வருவது. சீதேவி வீட்டுக்கு ஏதோ பூசியிருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டு தங்கமீன்களுக்குத் தீனியைத் தூவினான்.

ஒன்றும் அசையவில்லை. தீனி மிதந்தது, ஊறியது, மீன்களின் முகத்துக்கு முன்னாலேயே கீழே இறங்கியது. அவை ஒரே வரிசையில் நின்று, அதைப் பார்க்காமல் கதிரையைப் பார்த்தன.

“இதென்ன? தங்கமீனுக்கு இரைப்பையே இல்லையம்மா. தொண்டைக்குப் பிறகு குடல்தான். வயிறு நிரம்பினதெண்டு அதுக்குத் தெரியாது. போடப் போடத் தின்னும், சாகுமட்டும் தின்னும். வேண்டாமெண்டு நிக்கிற தங்கமீனை நான் கண்டதில்லை.”

“நேற்றைக்கு நல்லாத் திண்டதுகள். முந்தநாளும் திண்டதுகள்.” சீதேவி கொஞ்சம் யோசித்தாள். “உந்தத் தீனியிலை என்ன கிடக்கு?”

“கருவாட்டுத் தூள்தான் முக்கால்வாசி.”

“பின்னை எப்பிடித் தின்னுங்கள்? இண்டைக்கு வெள்ளியெல்லே. ஐயா வெள்ளியிலை மச்சம் தொடமாட்டார்.”

இருவருமே சிரித்தார்கள். அவள் விளையாட்டாகக் குசினியிலிருந்து அவித்த கடலையை நசித்துக் கொண்டுவந்து போட்டாள்.

நாலும் பாய்ந்து தின்றன.

தங்கமீனுக்குப் பல் வாயில் இல்லை, தொண்டைக்குள் இருக்கிறது. அது அரைப்பது காதைக் கண்ணாடியில் வைத்தால்தான் கேட்கும் என்று பிரதாபன் பலருக்குச் சொல்லியிருக்கிறான். அன்று அந்த அரைபடும் ஒலி அவன் நின்ற இடத்துக்கே கேட்டது. வாயைச் சப்புக்கொட்டிச் சாப்பிடும் ஒருவரோடு ஒரே பந்தியில் இருப்பதுபோல இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

வேலையை முடித்துக்கொண்டு போகலாமென்று குழாயை எடுத்தான். தொட்டியின் அடியில் படியும் ஊத்தையை இழுத்தெடுக்க அவனிடம் ஒரு பழைய வழி இருந்தது. ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, மறு நுனியை வாயில் வைத்து ஒருதரம் உறிஞ்ச வேண்டும். தண்ணீர் குழாயின் உச்சியைத் தாண்டிவிட்டால் பிறகு தன் பாரத்தாலேயே ஓடும். வாய்க்குக் கிட்ட வரும்போது குழாயை எடுத்து வாளிக்குள் விட்டுவிட வேண்டும். எட்டு வருடத்தில் ஒரு சொட்டும் அவன் வாயில் பட்டதில்லை.

உறிஞ்சினான்.

கதிரைப் பக்கமிருந்து யாரோ காறினார்கள்.

அடிநெஞ்சிலிருந்து சளியை இழுத்தெடுக்கும், நீண்ட, ஈரமான காறல். பிரதாபன் திடுக்கிட்டுத் திரும்பினான். அந்தக் கணத்தில் வாய் நிறையத் தண்ணீர் வந்து விழுந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. கொழகொழவென்று நாக்கில் சுற்றியது. கடைவாயில் ஏதோ நறுக்கென்று அரைபட்டது.

விழுங்கிவிட்டான்.

கதிரை வெறுமையாக இருந்தது. கதிரையை ஒட்டிய தொட்டி மூலையில் சக்கர் மூன்றும் செங்குத்தாக நின்றன. தலைகள் தண்ணீருக்கு மேலே. கிண்ண வாய்கள் அகலத் திறந்திருந்தன.

முற்றத்துக்கு ஓடி ஓங்காளித்தான். தேத்தண்ணீர்தான் வந்தது. குழாயைச் சுருட்டிக்கொண்டு, ஊத்தையை எடுக்காமலே புறப்பட்டான். வழி முழுக்கத் தனக்குத்தானே விளக்கம் சொன்னான். சக்கர் காற்றை விழுங்கும். தண்ணீரில் காற்றுக் குறைந்தால் மேலே வந்து ஒரு மிடறு எடுத்துக்கொண்டு கீழே ஓடும். ஆனால் அது ஒரு கணத்தில் முடிகிற வேலை. பகலில் கல்லைவிட்டே வெளிவராத மீன், தலையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்காது.

வீட்டில் மனைவி மாக்கிறேற் மீன் குழம்பும் சோறும் போட்டு வைத்திருந்தாள். நாக்கில் அந்தக் கொழகொழப்பு இன்னும் இருந்தது. சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

அதற்கடுத்த வெள்ளி அவன் காற்று மோட்டார் ஒன்றையும் எடுத்துப்போனான். ஹோலின் திரைச்சீலைகள் இழுத்து மூடியிருந்தன. சீதேவி கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்திருந்தாள். படிக்கம் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது.

“மெல்லக் கதையும்” என்றாள். “இப்ப எழும்புவார்.”

பிரதாபன் தொட்டியைப் பார்த்தான்.

அந்த மூலையில் தண்ணீரின் மேல் மஞ்சளாக ஏதோ மிதந்தது. நூல் நூலாக, நடுவில் கட்டி கட்டியாக, கண்ணாடியிலும் வழிந்து ஒட்டியிருந்தது. தங்கமீன் ஒன்று அதை வாய்க்குள் எடுத்தது. சப்பியது. துப்பியது. அடுத்தது வந்து அதே கட்டியை எடுத்துக்கொண்டது.

சக்கர்கள் எழுந்தன.

முதலாவது காறியது.

இரண்டாவது காறியது.

மூன்றாவது காறியபோது அதன் வாயிலிருந்து ஒரு மஞ்சள் இழை நீண்டு, அறாமல், தண்ணீரில் இறங்கியது.

பிறகு மூன்றும் ஒன்றாகக் காற்றை விட்டன. களைத்த மனிதன் ஒருவனின் பெருமூச்சு. சீதேவியின் உதடுகள் அசைந்தன.

“முருகா” என்று அவள் மெல்லச் சொன்னாள். “மூண்டு தரம் காறுவார். பிறகு ‘முருகா’ எண்டுவார். நாப்பது வருசம் கேட்ட சத்தம் தம்பி, எனக்குப் பிழைக்காது. அந்தச் சொல்லு மட்டும்தான் இன்னும் வரேல்லை.”

“மீனுக்குக் குரல்வளை இல்லையம்மா” என்று அவன் வாய் பழக்கத்தில் சொல்லிற்று. “காத்து வரும். சொல்லு வராது.”

“நானும் அப்பிடித்தான் நினைச்சனான். தவிக்கிறார். சொல்ல ஏலாமத் தவிக்கிறார்.” அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். “புதன்கிழமை கீர்த்தி வந்திடுவான். வியாழன் கீரிமலைக்குக் கொண்டுபோய்க் கரைச்சிட்டால் எல்லாம் ஆறிடும். பிள்ளையின்ரை கையாலைதான் கரைக்கோணும் எண்டு கேட்டுக்கொண்டு செத்த மனிசன். ஒரு துண்டும் குறையாமல் குடுக்கிறன் எண்டு நான் கையிலை அடிச்சுச் சொன்னனான்.”

“எதையம்மா?”

“ஐயாவின்ரை அஸ்தியை. மற்றச் சனமெண்டால் காடாத்திச் சாம்பல் அள்ளின அண்டைக்கே கடலிலை விட்டிடுவினம். நான்தான் பிள்ளைக்காக வைச்சிருக்கிறன். வீட்டுக்கை எடுக்கப்படாதெண்டு கொட்டிலிலை உறியிலை தொங்குது.”

பிரதாபன் கொட்டில் பக்கம் திரும்பினான்.

அவனுடைய ஆட்கள் கத்தோலிக்கர், இறந்தவர்களைச் சேமக்காலையில் புதைப்பவர்கள். சைவ வீடுகளில் எரிப்பார்கள், அடுத்தடுத்த நாளிலேயே சாம்பலைக் கடலில் விடுவார்கள் என்பதுதான் அவனுக்குத் தெரிந்தது. அதை இரண்டு மாதமாகக் கொட்டிலில் ஒருவர் கட்டித் தொங்கவிடலாம் என்று அவன் நினைத்துப் பார்த்ததே இல்லை. பூச்சாடிக்குப் பொறுக்கிய முருகைக்கல், நுளம்புக் குஞ்சு நெளிந்த மற்ற முட்டியில் கிடந்தது.

“ஏனம்மா…” என்று கேட்டான், “அதை வேறை தண்ணியிலை போட்டால்?”

“ஆர் போடுவினம்? ஒருக்காத்தானே தண்ணியிலை விடுறது. விட்டால் ஆள் அந்தத் தண்ணியோடை சேர்ந்திடும்.”

சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தான். ஆனால் அவள் அவனைப் பார்த்த பார்வையில் இரண்டு மாதக் காவல் இருந்தது. எழுந்து, பெட்டியைக் கழுவவேண்டும் என்றான். தேத்தண்ணீர் ஊற்றிவருகிறேன் என்று அவள் குசினிக்குப் போனாள்.

பெட்டியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் திறந்தபோது அந்த மணம் முகத்தில் அடித்தது. பஞ்சு முழுக்க மஞ்சள் சளி. துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு கட்டியாகியிருந்தன. விரலை விட்டுப் பிரித்தான். பிரியும்போது நூல் இழுத்தது. ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவினான். முருகைக்கல் என்றால் கரைந்து முனை மழுங்கியிருக்க வேண்டும். இவை போட்டபோது இருந்ததைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தன. ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். முன்பு அதைச் சிப்பியென்று நினைத்திருந்தான்.

கடைவாய்ப் பல்லின் வேர்.

எல்லாவற்றையும் சட்டைத் துணியில் துடைத்து, கொட்டிலுக்குப் போய், முட்டியில் இட்டுக் கட்டித் தொங்கவிட்டான். முடிச்சு இரண்டு தரம் வழுக்கியது.

துண்டுகள் திரும்பிவிட்டன. தூள்? அது தண்ணீரில் இருந்தது.

மழைத் தண்ணீர் முழுவதையும் மாற்றவேண்டுமென்று சீதேவியிடம் சொன்னான். மீன்களை வாளிக்கு மாற்றினான். தொட்டியைச் சிரட்டையால் அள்ளி, கடைசியில் துணியால் ஒற்றி, இரண்டு பெரிய கலன்களில் நிரப்பி மோட்டார் சைக்கிளில் கட்டிக் கடற்கரைக்குக் கொண்டுபோனான். குழாயை அவன் தொடவில்லை. ஐந்து தரம் போய் ஐந்து தரம் ஊற்றினான். ஒவ்வொரு தரமும் மஞ்சள் நுரை அலையில் உடையாமல் கொஞ்சநேரம் நின்று, கரையைப் பார்த்துவிட்டு, பிறகு போனது. தனக்குத் தெரிந்த முறையில், செபமாலையைப் பிடித்துக்கொண்டு, இறந்தவருக்கான செபத்தைச் சொன்னான். பொழுது சாயமுன்பு கடையிலிருந்து கொண்டுவந்த புதுத் தண்ணீர் விட்டு மீன்களை இறக்கினான். சக்கர்கள் நேரே கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்தன. அதைப் பார்த்து அவனுக்கு அழுகை வந்தது.

அடுத்த வெள்ளி அவன் கரம்பொன்னுக்குப் போகவில்லை. மதியம் கடையில் இருந்தபோது சீதேவி அழைத்தாள்.

“நேற்றைக்குக் கரைச்சாச்சு தம்பி. கீர்த்தி இடுப்பளவு தண்ணியிலை நிண்டு முழுசா விட்டவன். மீனுகளும் திருந்திட்டுது. இண்டைக்கு வெள்ளியெண்டும் பார்க்காமல் உம்மடை கருவாட்டுத் தூளை அடிபட்டுத் திண்டதுகள்.”

“நல்லதம்மா.”

“ஒண்டு கேக்கோணும். முட்டிக்கை ஈரமாக் கிடந்தது. கொட்டில் ஒழுகியிருக்குமோ?”

கடையில் நாற்பது தொட்டிகளின் மோட்டார்களும் ஒன்றாக இரைந்தன. இப்போது சொல்லலாம். எல்லாம் முடிந்துவிட்டது, இப்போது சொன்னால் அவள் திட்டுவாள், அழுவாள், அவ்வளவுதான்.

“ஓமம்மா” என்றான். “மழைதான்.”

“அப்ப குறையொண்டும் இல்லைத்தானே?”

“ஒண்டும் இல்லை.”

தொலைபேசியை வைத்தான். முட்டியில் இருந்தது கீரிமலைக்குப் போனது. தொட்டியில் இருந்தது கடலுக்குப் போனது. கணக்குச் சரி என்று நினைத்தபோதுதான் நாக்கு தானாகவே கடைவாய்க்குப் போய், அன்று அந்த நறுக்கென்றது அரைபட்ட இடத்தைத் தடவியது.

நெஞ்சுக்குள் ஏதோ கட்டியாக நகர்ந்தது.

காறினான். கொழகொழவென்று தொண்டை வரை வந்து, திரும்ப இறங்கியது.

மறுபடி காறினான்.

மூன்றாவது தரம் அது வந்துவிட்டது. கைகழுவும் பீங்கானில் துப்பினான். மஞ்சள் இழையொன்று உதட்டிலிருந்து அறாமல் நீண்டது. அதன் நுனியில், வெள்ளையாக, நுண்ணிய துளைகளோடு ஒரு சிறு துண்டு. அது பீங்கானில் பட்டு டிக்கென்றது. சுற்றியிருந்த தொட்டிகளில் பகலில் ஒருபோதும் வெளிவராத சக்கர்கள் எல்லாம் கண்ணாடிக்கு வந்து வாயை ஒட்டிக்கொண்டு நின்றன.

அவன் மூச்சை விட்டான். களைத்த, நீண்ட மூச்சு. அதன் முடிவில், அவன் வாழ்நாளில் ஒருதரமும் சொல்லியிராத அந்தச் சொல், கிழட்டுக் குரலில், தானாகவே வெளியே வந்தது.

கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. மாக்கிறேற் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். தட்டில் இரண்டு கோப்பைகள்.

கடையைச் சுற்றிப் பார்த்தாள்.

“எங்கையப்பா, அந்த வயசான ஐயா? கதைச்சுக் கேட்டுது, சீனி போடாமல் ஒண்டு ஊத்திக்கொண்டு வந்தனான்.”

பிரதாபன் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். நெஞ்சுக்குள் அடுத்தது எழுந்துகொண்டிருந்தது.